ஒரே வாக்காளர் கூடிய தேர்தல் கூட்டம்: பியூட்ஷயர் தொகுதி பற்றிய நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நிகழ்வு

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், கிளைடு ஆறு கடலோடு சேரும் அகன்ற நீர்ப்பரப்பில் பியூட், ஆரன், பெரிய கம்பிரே, சிறிய கம்பிரே ஆகிய தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த சில சிறு தீவுகளும் உள்ளன. இவையெல்லாம் சேர்ந்ததே பியூட்ஷயர் என்ற பழைய மாவட்டம்; அதன் தலைநகர் ரோத்சே. இந்த மாவட்டம் 1708 முதல் 1918 வரை தன் பெயரிலேயே பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு உறுப்பினரை அனுப்பிவந்தது, முதல் நூற்றாண்டுக்கு மேல் விட்டுவிட்டும், 1832-க்குப் பிறகு இடைவிடாமலும்.

அந்த முதல் காலப்பகுதியில் நடந்த ஒரு தேர்தல் கூட்டமே இங்கு ஆராயப்படுகிறது. அன்று தேர்தலை நடத்தும் அதிகாரிகளைத் தவிர, வாக்குரிமை பெற்ற ஒரே ஒருவர் மட்டுமே வந்திருந்தார். அவர் தன்னையே தலைவராகவும், பிறகு தன்னையே உறுப்பினராகவும் தேர்ந்தெடுத்தார். இதை விந்தைச் செய்தியாகச் சொல்லிவிட்டு நகர்வதே வழக்கமாக இருந்துவருகிறது. ஆனால் அன்றைய நடவடிக்கையின் ஒவ்வொரு படியும் சட்டப்படி சரியானது என்பதுதான் இதில் கவலையோடு பார்க்கவேண்டிய செய்தி என்று நான் கருதுகிறேன். விதிமீறல் எதுவும் நடக்கவில்லை என்றால் பிழை எங்கே இருந்தது என்ற கேள்விக்கு விடை தேடுவதே இந்த ஆய்வின் நோக்கம். அந்த வாக்காளரின் பெயர் இதற்குத் தேவையில்லை. அவர் இடத்தில் வேறு யார் நின்றிருந்தாலும் அதுவே நடந்திருக்கும்.

பின்னணி: 1707-இல் எடுக்கப்பட்ட முடிவு

1707-இல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஒரே நாடாளுமன்றத்தின் கீழ் வந்தபோது, மக்களவையில் ஸ்காட்லாந்துக்கு 45 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றில் 15 நகரங்களுக்கும் 30 மாவட்டங்களுக்கும் உரியவை. ஆனால் மாவட்டங்களோ 33. இந்தக் கணக்கைச் சரிசெய்ய, 27 மாவட்டங்களுக்குத் தலா ஓர் இடம் கொடுத்துவிட்டு, எஞ்சிய ஆறு சிறு மாவட்டங்களை மூன்று இணைகளாக்கி, ஒவ்வோர் இணைக்கும் ஓர் இடம் என்று வைத்தார்கள். கிளாக்மன்னனும் கின்ராஸும் ஓர் இணை. நேர்னும் குரோமார்ட்டியும் மற்றோர் இணை. பியூட்டும் கேத்னஸும் மூன்றாவது.

இணைக்கப்பட்ட இரு மாவட்டங்களும் ஒன்றுகூடி ஒருவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு நாடாளுமன்றத்துக்கு ஒன்று, அடுத்த நாடாளுமன்றத்துக்கு மற்றொன்று என முறை வைத்து உறுப்பினரை அனுப்பின. பியூட்டுக்கும் கேத்னஸுக்கும் இடையே நிலத்தொடர்போ தொழில்தொடர்போ கிடையாது. பியூட் தென்மேற்கில் உள்ள தீவுக்கூட்டம். கேத்னஸ் பெருநிலத்தின் வடகோடி. முதல் முறை பியூட்டுக்குக் கிடைத்தது. 1708-இல் பியூட், 1710-இல் கேத்னஸ், 1713-இல் பியூட், 1715-இல் கேத்னஸ் என்று தொடங்கிய வரிசை 1831 வரை பிசகாமல் நடந்தது.

1716-இல் நாடாளுமன்றத்தின் ஆயுள் ஏழாண்டு வரை நீளலாம் என்ற சட்டம் வந்தபின், முறை இல்லாத மாவட்டத்தின் மௌனமும் அதற்கேற்ப நீண்டது. 1754 முதல் 1761 வரை பியூட் மக்களுக்காகப் பேச மக்களவையில் அவர்களுடைய உறுப்பினர் எவரும் இல்லை. உறுப்பினர்களோ வேறு தொகுதி தேடிக்கொண்டார்கள். மூன்றாம் பியூட் பிரபுவின் தம்பியான ஜேம்ஸ் ஸ்டூவர்ட் மெக்கன்சி 1747 முதல் 1754 வரை பியூட்டின் உறுப்பினர். முறை கேத்னஸுக்குப் போனதும் ஏர் நகரங்களின் தொகுதிக்கு மாறினார். கேத்னஸின் சர் ஜான் சின்கிளேர் 1784-இல் தம் மாவட்டத்துக்கு முறை இல்லாததால், இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள லாஸ்ட்விதியலில் போய் உறுப்பினரானார். செல்வாக்கு உள்ளவர்களுக்கு இந்த இடைவெளி ஓர் அசௌகரியம் மட்டுமே. மாவட்டத்துக்குத்தான் அது உண்மையான இழப்பு.

கவனித்தவை: வாக்குரிமை யாரிடம் இருந்தது

மாவட்டத் தேர்தல்களில் வாக்குரிமையை 1681-ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்துச் சட்டம் வரையறுத்திருந்தது. மன்னரிடமிருந்து நேரடியாக நிலம் பெற்றவராக இருக்கவேண்டும். அந்த நிலம் பழைய மதிப்பீட்டில் நாற்பது ஷில்லிங் பெறுமானதாகவோ, வரி மதிப்பீட்டில் 400 ஸ்காட்லாந்து பவுண்டு பெறுமானதாகவோ இருக்கவேண்டும். இதில் முடிச்சு, ‘நேரடியாக’ என்ற நிபந்தனையில் இருந்தது. மன்னரிடமிருந்து நிலம் பெற்ற பிரபு அதைத் தனக்குக் கீழே ஒருவருக்கு நிரந்தரமாகக் கொடுத்துவிட்டால், நிலத்தை ஆள்பவரும் அதன் பலனை அனுபவிப்பவரும் அந்தக் கீழ் உரிமையாளர்தான். ஆனால் வாக்கு அவருக்கு இல்லை. மேலுரிமை என்ற பத்திரத்தைக் கையில் வைத்திருக்கும் பிரபுவுக்கே வாக்கு. எனவே ஒருவர் பெரும் பண்ணையை வைத்திருந்தும் வாக்காளர் ஆகாமல் போகலாம். மற்றொருவர் அந்த மாவட்டத்தில் ஒரு பிடி மண்ணும் சொந்தமாக இல்லாமல் வாக்காளர் ஆகலாம்.

இதிலிருந்து இன்னொரு பழக்கம் பிறந்தது. பிரபுக்கள் தங்கள் மேலுரிமையைத் தேவையான அளவு துண்டுகளாகப் பிரித்து, நண்பர்களுக்கும் உறவினருக்கும் வழக்கறிஞர்களுக்கும் பத்திரம் எழுதிக்கொடுத்து, வேண்டிய எண்ணிக்கையில் வாக்காளர்களை உருவாக்கினார்கள். இவற்றைப் ‘பெயரளவு வாக்குகள்’, ‘போலி வாக்குகள்’ என்று அக்காலத்தவரே அழைத்தார்கள். இதைத் தடுக்க ஓர் உறுதிமொழி கொண்டுவரப்பட்டு, 1734-இல் கடுமையாக்கப்பட்டது. நிலம் உண்மையிலேயே தன்னுடையது, பிறருக்காகத் தான் வைத்திருப்பதல்ல என்று வாக்காளர் சத்தியம் செய்யவேண்டும். பலரும் தயக்கமின்றிச் சத்தியம் செய்தார்கள்.

பியூட்டில் மேலுரிமையின் பெரும்பகுதி மவுண்ட் ஸ்டூவர்ட் மாளிகையில் வாழ்ந்த, பியூட் பிரபுக்களான ஸ்டூவர்ட் குடும்பத்தினரிடம் இருந்தது. 1747-இல் பரம்பரை நீதி அதிகாரங்கள் ஒழிக்கப்படும்வரை மாவட்டத்தின் தலைமை நீதி, நிர்வாக அதிகாரியான ஷெரீஃபின் பதவியும் அவர்களுடைய குடும்பச் சொத்தாகவே இருந்தது. ஆரன் தீவின் பெரும்பகுதி ஹாமில்டன் பிரபுவுக்குச் சொந்தமாக இருந்தபோதிலும், வாக்காளர் பட்டியலில் ஸ்டூவர்ட் குடும்பத்தின் கையே ஓங்கியிருந்தது.

1831-இல் நாடாளுமன்றத்தில் எடுத்துக்காட்டப்பட்ட கணக்கு இது: பியூட் மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 14,000; வாக்காளர்கள் 21 பேர்; அவர்களுள் அந்த மாவட்டத்தில் குடியிருந்தவர் ஒருவர் மட்டுமே. அப்போது ஸ்காட்லாந்து முழுவதிலும் இருந்த வாக்காளர்களே சுமார் 4,500 பேர்தான். தலைநகரான எடின்பரோவின் உறுப்பினரை 33 பேர் கொண்ட நகர மன்றம் தேர்ந்தெடுத்துவந்தது. அந்தச் சூழலோடு வைத்துப் பார்த்தால் பியூட் தனித்த விதிவிலக்கு அல்ல. அதே முறை தன் கடைசி எல்லைவரை போய் நின்ற இடம்.

கூட்டத்தின் விதிமுறை

மாவட்டத் தேர்தல் அன்று வாக்குச்சாவடி என்று எதுவும் இல்லை. வாக்காளர்கள் குறித்த நாளில் மாவட்டத் தலைநகரில் நேரில் கூடவேண்டும். முதலில் கூட்டத்துக்குத் தலைவர் ஒருவரும் எழுத்தர் ஒருவரும் வாக்கெடுப்பின் மூலம் தேர்ந்தெடுக்கப்படுவார்கள். தலைவர் பதவி அலங்காரம் அல்ல. இரு தரப்பும் சமநிலையில் நின்றால் முடிவைத் தீர்மானிக்கும் வாக்கு அவருடையது. அதனால் போட்டி நிலவிய மாவட்டங்களில் உண்மையான மோதல் தலைவர் தேர்விலேயே நடந்துவிடும். அதன்பின் பட்டியல் வாசிக்கப்பட்டு, புதியவர்களைச் சேர்ப்பதும் தகுதியிழந்தவர்களை நீக்குவதும் விவாதிக்கப்படும். கடைசியாக உறுப்பினருக்கான வாக்கெடுப்பு. முடிவு ஷெரீஃபிடம் கொடுக்கப்பட்டு, தேர்தல் ஆணையோடு சேர்த்து லண்டனுக்கு அனுப்பப்படும்.

இந்த விதிகளை எழுதியவர்கள் கவனமில்லாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. போலி வாக்காளர் மீது சந்தேகம் எழுந்தால், கூடியிருக்கும் எந்த வாக்காளரும் அவரிடம் சத்தியம் கோரலாம். ஒருவரைப் பட்டியலில் சேர்த்தது தவறு என்று தோன்றினால் உச்ச சிவில் நீதிமன்றத்தில் முறையிடலாம். தோற்றவர் மக்களவையிலேயே மனுக் கொடுக்கலாம். ஆயினும் இந்தப் பாதுகாப்புகள் அத்தனையும் ஓர் எதிர்த்தரப்பு இருக்கிறது என்ற அடிப்படையின் மேல் கட்டப்பட்டவை. சத்தியம் கோர இரண்டாவது ஆள் வேண்டும். ஆட்சேபிக்க இரண்டாவது ஆள் வேண்டும். மனுக் கொடுக்கத் தோற்ற ஒருவர் வேண்டும். குறைந்தபட்சம் இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற விதி மட்டும் இல்லை.

அன்று நடந்தது

இந்நிகழ்வை 1831-இல் மக்களவையில் எடுத்துச் சொன்னவர் அன்றைய லார்டு அட்வகேட், அதாவது ஸ்காட்லாந்தில் அரசின் தலைமைச் சட்ட அதிகாரியாக இருந்த பிரான்சிஸ் ஜெஃப்ரி. அவர் ஆண்டைக் குறிப்பிடாமல், வாழும் மனிதரின் நினைவுக்கு எட்டிய காலத்தில் நடந்தது என்று மட்டும் சொன்னார்.

அவர் கூற்றுப்படி, கூட்டத்துக்கு ஷெரீஃபும் தேர்தல் அதிகாரியும் வந்திருந்தனர். வாக்காளர்களுள் ஒருவர் மட்டுமே வந்தார். வேறு எவரும் இல்லாததால் அவரே தலைமை இருக்கையில் அமர்ந்து கூட்டத்தைத் தொடங்கினார். வாக்காளர் பட்டியலை உரக்க வாசித்தார். தன் பெயர் வந்தபோது தானே பதில் கொடுத்தார். தலைவர் யார் என்பதற்கு வாக்கெடுத்து, தன்னைத் தலைவராகத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். அடுத்து, உறுப்பினர் பதவிக்குத் தன் பெயரைத் தானே முன்மொழிந்து, தானே வழிமொழிந்து, அதை வாக்குக்கு விட்டு, ஒருமனதாகத் தேர்வு பெற்றார்.

இதைச் சொன்னவர் பழைய முறையை ஒழிக்கப் போராடியவர் என்பதை வாசகர் மனத்தில் கொள்ளவேண்டும். ஆயினும் கதையில் வரும் படிகள் விதிமுறையோடு ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. தலைவர் தேர்வு, பட்டியல் வாசிப்பு, முன்மொழிவு, வாக்கெடுப்பு என்ற வரிசை சட்டம் கேட்ட வரிசையேதான். 1830-இல் தேர்வாகி 1831 வரை பியூட்டின் உறுப்பினராக இருந்தவர் சர் வில்லியம் ரே. அவரே ஜெஃப்ரிக்கு முன் பல ஆண்டுகள் லார்டு அட்வகேட்டாக இருந்தவர். சீர்திருத்தத்தை எதிர்த்த தரப்பைச் சேர்ந்தவர்.

அந்த வாக்காளரின் முடிவும் அதன் காரணமும்

தனியாக நின்ற அந்த மனிதருக்கு முன்னால் இருந்த வழிகள் இரண்டு. நடவடிக்கையைத் தொடங்காமல் திரும்பிப் போகலாம். அல்லது சட்டம் கேட்பதைக் கடைசி எழுத்துவரை செய்து முடிக்கலாம். முதல் வழியில் போயிருந்தால் மாவட்டத்துக்கு முறை வந்திருந்தும் உறுப்பினர் இல்லாமல் போயிருப்பார். இந்த முறை நழுவினால் அடுத்த முறை பல ஆண்டுகள் தள்ளி வருவது. இந்த நோக்கில் பார்த்தால் அவருடைய செயலில் ஒரு பொறுப்புணர்வுகூடத் தெரிகிறது. பட்டியலைத் தனக்குத்தானே வாசித்ததும் தன் பெயருக்குத் தானே பதில் சொன்னதும் கேட்பவருக்கு வேடிக்கையாகப் படலாம். ஆனால் அந்தப் படியை விட்டிருந்தால்தான் தேர்தலில் குறை கண்டிருக்க முடியும். அருகில் நின்ற அதிகாரிகளும் தடுக்கவில்லை. தடுக்க அவர்களுக்குச் சட்டத்தில் இடமும் இல்லை.

மற்ற வாக்காளர்கள் வராததையும் விளக்கிக்கொள்ள முடிகிறது. அவர்கள் தீவுகளில் வாழாதவர்கள். கடல் கடந்து வரவேண்டியவர்கள். போட்டி இல்லாத தேர்தலுக்கு அந்தப் பயணத்தை மேற்கொள்ள அவர்களுக்குக் காரணம் இருக்கவில்லை. 14,000 பேரில் எஞ்சிய எல்லோருக்கும் வருவதற்கு உரிமையே இல்லை. ஆகவே வெறுமையாக இருந்தது கூட்ட அறை மட்டுமல்ல. வாக்காளர் பட்டியலே வெறுமையாக இருந்தது.

1831–32: சீர்திருத்தக்காரர்கள் எடுத்த முடிவு

ஜெஃப்ரியும், அவரோடு சட்ட வரைவில் ஈடுபட்ட, சீர்திருத்தத்தை ஆதரித்த ஸ்காட்லாந்து விக் கட்சியினரும் இந்த நிகழ்வைப் பயன்படுத்திய விதம் பாராட்டுக்குரியது. இப்படி ஒரு கதையைக் கேட்டவுடன் தோன்றும் தீர்வு, இத்தனை பேர் கூடினால்தான் தேர்தல் செல்லும் என்று ஒரு விதி சேர்ப்பது. அவர்கள் அதைக் கேட்கவில்லை. அந்த விதி வந்திருந்தால் பிரபு இன்னும் நான்கைந்து பத்திரங்களை எழுதி, நான்கைந்து பேரைப் படகில் அனுப்பியிருப்பார்; குறை மறைந்துபோயிருக்கும், தீர்ந்திருக்காது. பழைய அமைப்பில் ஒரு துணுக்கும் மிஞ்சக்கூடாது என்பதே ஜெஃப்ரி அவையில் வெளிப்படையாக எடுத்த நிலைப்பாடு. ஆட்டத்தின் விதியைத் திருத்துவதை விட்டு, ஆடத் தகுதியுள்ளவர் யார் என்ற கேள்வியையே அவர்கள் கையில் எடுத்தார்கள்.

1832 ஜூலையில் ஸ்காட்லாந்துச் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறியது. ஆண்டுக்குப் பத்து பவுண்டு மதிப்புள்ள சொத்தின் உரிமையாளருக்கும், குறிப்பிட்ட மதிப்புக்கு மேற்பட்ட நீண்டகாலக் குத்தகைதாரருக்கும் மாவட்டத்தில் வாக்குக் கிடைத்தது. மேலுரிமைப் பத்திரத்தால் புதிதாக வாக்காளர் ஆகும் வழி அடைபட்டது. வாக்காளர் பதிவேடு அரசு அதிகாரியின் பொறுப்புக்கு வந்தது. முறை வைக்கும் ஏற்பாடு ஒழிந்து, பியூட்டுக்கும் கேத்னஸுக்கும் ஒவ்வொரு நாடாளுமன்றத்திலும் தனித்தனி இடம் கிடைத்தது. அதுவரை ஏர் நகரங்களின் தொகுதியில் ஒட்டிக்கொண்டிருந்த ரோத்சே, பியூட் மாவட்டத் தொகுதிக்குள் வந்து சேர்ந்தது. ஸ்காட்லாந்தின் மொத்த வாக்காளர் எண்ணிக்கை சுமார் 65,000 ஆக உயர்ந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாகவேண்டும். 1831-இல் கூடிய நாடாளுமன்றமே இச்சட்டத்தை நிறைவேற்றியது. அந்த நாடாளுமன்றத்துக்கு முறை கேத்னஸுடையது. தன் தலைவிதியை மாற்றிய சட்டம் விவாதிக்கப்பட்டபோது பியூட்டுக்கு அவையில் உறுப்பினர் இல்லை. பியூட்டின் இடத்தை இழந்த சர் வில்லியம் ரே, அயர்லாந்தில் உள்ள போர்ட்டார்லிங்டன் என்ற சிறு தொகுதியின் உறுப்பினராக அதே அவையில் அமர்ந்திருந்தார்.

பின்விளைவுகள்

வாக்காளர் எண்ணிக்கை கூடினால் பிரதிநிதியும் மாறுவார் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அடுத்து வந்த ஆண்டுகள் ஏமாற்றமாகவே இருந்திருக்கும். 1833-இல் நடந்த இடைத்தேர்தலில் பியூட் மீண்டும் அனுப்பிய உறுப்பினர் அதே சர் வில்லியம் ரே. 1842-இல் இறக்கும்வரை அவர் அங்கேயே நீடித்தார். அவருக்குப் பின் 1859 வரை உறுப்பினராக இருந்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட்-வோர்ட்லி மூன்றாம் பியூட் பிரபுவின் கொள்ளுப்பேரன். பெயர்களை மட்டும் பார்த்தால் எதுவுமே நடக்கவில்லை என்று தோன்றும்.

ஆனால் நடந்திருந்தது. இப்போது வாக்களித்தவர்கள் அந்தத் தீவுகளில் கடை நடத்தியவர்கள், வீடு வைத்திருந்தவர்கள், குத்தகை நிலத்தில் பயிரிட்டவர்கள். அவர்களுடைய நிலமும் வீடும் பெரும்பாலும் ஒரே குடும்பத்தின் ஆதிக்கத்தில் இருந்தன. வாக்கோ எல்லோரும் அறிய வாய்விட்டுச் சொல்லவேண்டிய ஒன்றாக இருந்தது. இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில், குத்தகைதாரர் பிரபுவின் விருப்பத்துக்கு எதிராக வாக்களிப்பது எளிதல்ல. 1832-இன் சட்டம் வாக்கைக் கொடுத்தது. அதைப் பயமின்றிப் பயன்படுத்தும் மறைவைக் கொடுக்கவில்லை. இரகசிய வாக்குமுறை வர 1872 வரை காத்திருக்க நேர்ந்தது. போலி வாக்குகளும் முற்றாக ஒழியவில்லை. 1830-களிலேயே ஸ்காட்லாந்தின் சில மாவட்டங்களில் புதிய பத்து பவுண்டுத் தகுதியை வளைத்து வாக்காளர்களை உருவாக்கியது பற்றி நாடாளுமன்றக் குழு விசாரிக்க வேண்டியதாயிற்று.

மாற்றம் மெல்லவே வந்தது. 1865-இல் லிபரல் கட்சியின் ஜேம்ஸ் லாமண்ட் பியூட்டில் வென்றார்; ஆர்க்டிக் கடல்களில் பயணம் செய்தவர் என்ற புகழும் அவருக்கு உண்டு. 1868-இல் தொகுதி மீண்டும் கன்சர்வேட்டிவ்களிடம் போனது. அக்கட்சியின் சட்ட அதிகாரிகளுக்கு இது நம்பகமான இடமாக விளங்கியது. 1885-இல் வென்ற ஜேம்ஸ் ராபர்ட்சனும், 1891 முதல் உறுப்பினராக இருந்த கிரஹாம் மரேயும் லார்டு அட்வகேட் பதவி வகித்து, இருவருமே ஸ்காட்லாந்தின் தலைமை நீதிபதிகளாகி விலகியவர்கள். ஆனால் 1905-இல் மரே விலகியபோது நடந்த இடைத்தேர்தலில் லிபரல் கட்சியின் நார்மன் லாமண்ட் வெற்றி பெற்றார். நம்பகமான இடம் என்று கருதப்பட்டது கைநழுவியது. அங்கே முடிவு தெரியாத ஒரு தேர்தல் நடந்தது என்பதே, ஒற்றை வாக்காளர் கூட்டம் நடந்த மாவட்டத்தில் பெரிய செய்தி என்று நான் நினைக்கிறேன்.

1918-இல் பியூட்ஷயர் தனித் தொகுதி என்ற நிலையை இழந்து, வட ஏர்ஷயருடன் இணைக்கப்பட்டது. 1983-இல் பியூட் தீவு ஆர்கைலுடன் சேர, ஆரனும் கம்பிரே தீவுகளும் எதிர்க்கரையிலுள்ள வட கன்னிங்ஹாமுடன் சேர்ந்தன. அதன்பின் அந்தத் தீவுகள் அனைத்தும் ஒரே தொகுதியில் இருந்ததில்லை.

மாற்றியிருக்க வேண்டியவை

முதலாவதாக, 1681-இன் தகுதி விதி நிலத்தை ஆள்பவருக்கு வாக்குக் கொடுத்திருந்தால், குறைந்தது தீவில் வாழ்ந்த நிலக்காரர்களாவது பட்டியலில் இருந்திருப்பார்கள். பதினெட்டாம் நூற்றாண்டுச் சட்டமியற்றியவர்கள் இந்த இடத்தைத் தொடாமல், சத்தியத்தைக் கடுமையாக்குவதிலேயே உழைப்பைச் செலவிட்டது நோய் ஒருபுறம் இருக்க மருந்து வேறுபுறம் போனதற்கு ஒப்பானது.

இரண்டாவதாக, பட்டியலைச் சரிபார்க்கும் வேலையை வாக்காளர்களிடமே விட்டிருக்கக் கூடாது. ஒருவர் மீது மற்றவர் ஆட்சேபம் எழுப்புவார் என்று நம்பியிருக்கும் ஏற்பாடு, எல்லோரும் ஒரே வீட்டுக்குக் கட்டுப்பட்டவர்களாக இருக்கும் இடத்தில் வேலை செய்யாது. 1832-இல் வந்த வெளி அதிகாரியின் சரிபார்ப்பு நூறு ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்கவேண்டியது. இரகசிய வாக்குமுறையும் அதே 1832-இல் வந்திருக்கவேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

கடைசியாக, முறை வைக்கும் ஏற்பாடு. ஓர் இடத்தை இரு மாவட்டங்களுக்குப் பகிர்ந்து கொடுக்கவேண்டிய நெருக்கடி 1707-இல் உண்மையிலேயே இருந்தது. ஆனால் இரு மாவட்டத்து வாக்காளர்களையும் ஒரே பட்டியலில் சேர்த்து, ஒவ்வொரு தேர்தலிலும் ஒன்றாக வாக்களிக்கச் செய்திருக்கலாம். அண்டை மாவட்டங்களான கிளாக்மன்னனுக்கும் கின்ராஸுக்கும் 1832-இல் இதையே செய்தார்கள். பியூட்டையும் கேத்னஸையும் அப்படிச் சேர்க்கத் தூரம் தடையாக இருந்திருக்கும். அப்படியானால் பியூட்டை அருகிலுள்ள ஆர்கைலுடனோ ஏர்ஷயருடனோ சேர்ப்பதே நேரான வழி. 1918-இலும் 1983-இலும் எல்லைகளை வரைந்தவர்கள் அந்த வழியில்தான் போனார்கள்.